“பிறேக் ஒயில்” ஓர் ஒயில் அல்ல
மோட்டார் சைக்கிளின் திரவங்களும் நமது பொறுப்பும்

புதிய மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் அதனைக் கோவில் முற்றத்துக்குக் கொண்டுவந்து மந்திரித்துத் தரும்படி கேட்பது நமது பங்குகளில் நீண்டநாள் வழக்கம். நாமும் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து அனுப்புகிறோம். அது நல்ல வழக்கமே. ஆனால் அந்த வாகனம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எந்த நிலையில் ஓடுகிறது என்று நாம் எவரும் விசாரிப்பதில்லை. இறைவனிடம் பாதுகாப்புக் கேட்கிறவன் தன் கையால் செய்யக்கூடியதைச் செய்யாமல் விடலாகாது. களப்பணியாளர், ஆசிரியர், மருத்துவமாது, மீன் வியாபாரி, விவசாயி என்று கிராமத்தில் அனைவரையும் இன்று சுமந்து செல்வது மோட்டார் சைக்கிள்தான். எனவே இவ்விதழில் அதன் பிறேக் பற்றியும், அதில் பயன்படும் திரவங்களைக் கையாளும் முறை பற்றியும் கற்றுக்கொள்வோம். இப்பாடத்தை ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம். அந்தத் தவறு நம்முடையது.

ஒரு போத்தலால் வந்த வினை

சில ஆண்டுகளுக்கு முன்பு நமது பணித்தளத்தின் மோட்டார் சைக்கிளில், முன் பிறேக்கின் திரவக் கிண்ணத்தில் மட்டம் குறைந்திருந்தது. மறுநாள் காலை உபதேசியார் தூரத்துக் கிராமம் ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. கடைகள் பூட்டியாயிற்று. அலுமாரியில் முன்பு மென்பானம் இருந்த போத்தல் ஒன்றில் இளமஞ்சள் நிறத்தில் ஏதோ இருந்தது. “சுவாமி, இது பிறேக் ஒயில்தானே?” என்று அவர் கேட்டார். “ஓம், அதுதான்” என்று சொல்லி நாமே அதை ஊற்றினோம்.

அது பாவிக்காத எஞ்சின் ஒயில். முதல் நாள் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பிறேக் பிடி இறுகியிருப்பதாக உபதேசியார் சொன்னார். பின்பு பார்ப்போம் என்றிருந்தோம். நான்காம் நாள் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும்போது, பிடியைத் தொடாமலேயே முன்சில்லு இறுகி நின்றது. இருவரும் கிரவல் வீதியில் விழுந்தனர். அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. அவர் மனைவியின் முழங்கைக் காயம் ஆற இரண்டு மாதங்களாயின. எதிரே ஒரு லொறி வந்திருந்தால் நாம் இதை எழுதும் மனநிலையில் இருந்திருக்கமாட்டோம். வைத்தியசாலையில் அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. அதுவே நமக்கு அதிக பாரமாயிற்று.

பின்னர் மெக்கானிக் ஒருவர் பிறேக்கைக் கழற்றிக் காட்டியபோது இன்னொன்றும் தெரியவந்தது. திரவம் எங்கும் ஒழுகியிருக்கவில்லை. பிறேக் பாட் தேய்ந்துபோனதாலேயே மட்டம் இறங்கியிருந்தது. பாட் தேயத்தேய பிஸ்டன் வெளியே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்பத் திரவம் கீழே இறங்கும். எனவே அன்று செய்யவேண்டியிருந்தது திரவம் ஊற்றுவது அல்ல, பாட்டைப் பார்ப்பது. நாம் பார்க்காமலே ஊற்றினோம். ஊற்றியதும் தவறான பொருளை.

பெயர் செய்யும் மயக்கம்

கடையிலும் கராஜிலும் நாம் அனைவரும் “பிறேக் ஒயில்” என்றே சொல்கிறோம். இப்பெயரே ஆபத்தின் தொடக்கம். டொட் 3, டொட் 4, டொட் 5.1 என்று போத்தலில் குறிக்கப்பட்டிருப்பவை கிளைக்கோல் வகையைச் சேர்ந்த இரசாயனத் திரவங்கள். அவை எண்ணெய் அல்ல. தண்ணீரோடு கலந்துவிடும் இயல்புடையவை. பிறேக்கினுள் இருக்கும் றப்பர் வளையங்களும் கிண்ணிகளும் இத்திரவத்துக்கென்றே செய்யப்பட்டவை. எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் ஆகியவற்றில் எது பட்டாலும் அந்த றப்பர் ஊதிப் பருத்துவிடும்.

பிடியை விட்டவுடன் திரவம் கிண்ணத்துக்குத் திரும்புவதற்கு ஊசித்துளை போன்ற ஒரு சிறு வழி உண்டு. றப்பர் பருத்தால் அவ்வழி அடைபடும். திரும்ப வழியில்லாத அழுத்தம் உள்ளேயே நிற்கும், பாட் டிஸ்க்கை உரசிக்கொண்டேயிருக்கும், உரசலால் சூடேறும், சூட்டினால் திரவம் விரிந்து மேலும் இறுக்கும். உபதேசியாரின் சில்லு நின்ற காரணம் இதுவே. வேறு சந்தர்ப்பங்களில் பழுதடைந்த றப்பர் வழியே திரவம் கசிந்து பிறேக் அறவே பிடிக்காமலும் போகலாம்.

இத்தவறு நடந்துவிட்டால் ஒயிலை வெளியே எடுத்துவிட்டுச் சரியான திரவத்தை ஊற்றுவது போதாது. எல்லா றப்பர் பாகங்களையும் குழாயையும் மாற்றி, உள்ளே முற்றாகக் கழுவவேண்டும். அதுவரை அவ்வாகனத்தை ஓட்டலாகாது.

டொட் 5 என்ற வேறொரு வகையும் உண்டு. அது சிலிக்கன் வகை; மற்றவற்றோடு கலக்கக்கூடாது. டொட் 5.1 உம் டொட் 5 உம் ஒன்றல்ல என்பதைக் கவனிக்கவும். எது தேவை என்பது கிண்ணத்தின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதை வாசித்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.

மாற்றுப்பொருள் தேடும் பழக்கம்

1990 க்கும் 1995 க்கும் இடைப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவைத்த காட்சியை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். இல்லாததற்குப் பதில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் அத்திறமை நமது மக்களைக் காத்தது. அதை நாம் இகழவில்லை. ஆனால் அக்காலம் நம்மிடம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது: “எதையாவது ஊற்றினால் ஓடும்” என்பதே அது.

எஞ்சின் ஒருவகையில் மன்னிக்கும். தவறான எரிபொருளுக்குப் புகை கக்கும், இருமும், வழியில் நின்றுவிடும். நின்ற வாகனத்தைத் தள்ளிக்கொண்டு வீடு வரலாம். பிறேக் அப்படியல்ல. அதன் குறை, அது தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படும். எனவே எஞ்சினில் கற்ற சமாளிப்பைப் பிறேக்கில் பயன்படுத்தலாகாது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து.

திரவமும் முதுமையடையும்

பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நமது கரையோர ஈரக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். புதிய டொட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. டொட் 4 குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பின் இந்த அளவுகள் முறையே 140, 155 பாகையாக இறங்கிவிடும்.

மலையகத்து நண்பர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். கண்டி–மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவு போன்ற நீண்ட இறக்கத்தில் பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் திரவம் கொதித்துக் குமிழியாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், குமிழியோ நசுங்கிவிடும். பிடி கைப்பிடிவரை வரும், வண்டி நிற்காது. இறக்கத்தில் சிறிய கியரில் எஞ்சினின் பிடிப்போடு இறங்குங்கள். பிறேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். முத்திரை உடைத்துப் பலநாள் திறந்திருந்த போத்தலில் மீதமிருப்பதைப் பாவிக்காதீர்கள். சிறிய போத்தலாகவே வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை பார்க்கவேண்டியவை

ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

டிஸ்க் பிறேக்:
1. கைப்பிடியை நேராக வைத்துக் கண்ணாடியில் திரவ மட்டத்தைப் பாருங்கள். குறைந்த மட்டக் கோட்டுக்கு மேல் இருக்கவேண்டும். இறங்கியிருந்தால் முதலில் பாட்டையும் கசிவையும் பாருங்கள். அதன்பின்பே போத்தலைத் தேடுங்கள்.
2. ரோச் லைற் வெளிச்சத்தில் பாட்டின் தடிப்பைப் பாருங்கள். தேய்மானக் கோடு மறைந்திருந்தால், அல்லது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே மீதமிருந்தால், மாற்றுங்கள். இரும்பு இரும்போடு உரசும் சத்தம் கேட்டால் ஏற்கெனவே காலந்தாழ்ந்துவிட்டது.
3. பிடியை இறுக்கிப் பிடித்து அரை நிமிடம் வைத்திருங்கள். அது மெல்ல உள்ளே இறங்கினால் கசிவு உண்டு. பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் காற்றுப் புகுந்துள்ளது. இரண்டு நிலையிலும் ஓட்டாதீர்கள்.

டிறம் பிறேக்:
1. பின் பிறேக் மிதியில் பிடிப்புத் தொடங்குமுன் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீற்றர் வெற்றசைவு இருக்கவேண்டும். கூடினால் கம்பியின் கடைசியிலுள்ள நட்டை இறுக்குங்கள். பின்பு சில்லைத் தூக்கிச் சுற்றிப்பாருங்கள், தடையின்றிச் சுழலவேண்டும்.
2. மிதியை அழுத்தும்போது டிறம்மிலுள்ள அம்புக்குறி எல்லைக் குறியைத் தொட்டால் உள்ளேயிருக்கும் சூ தேய்ந்துவிட்டது. அதன்பின் நட்டை இறுக்குவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். சிலர் நெம்புகோலைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டி இன்னும் சில மாதம் ஓட்டுவர். அது தேய்மானத்தை மறைக்குமேயன்றி நீக்காது.
3. முன் பிறேக் கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள்.

முன் பிறேக்கைப் பிடித்தால் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் அதைத் தொடாமலே ஓட்டுவோர் பலர். நிறுத்தும்போது பாரம் முன்சில்லுக்கே செல்கிறது. ஆகவே நிறுத்தும் வலுவின் பெரும்பங்கும் முன்சில்லிலேயே உண்டு. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழகுங்கள். மணலிலும் வளைவிலும் முன் பிறேக்கைத் திடீரெனப் பிடிக்கவேண்டாம். வெள்ளத்தைக் கடந்து வந்தபின், மெதுவாக ஓடியபடி சிலமுறை மென்மையாக அழுத்தி பிறேக்கை உலர்த்துங்கள்.

பிறேக்கில் எண்ணெய் படலாகாது. செயினுக்கு ஒயில் இடும்போது சூவிலும் டிஸ்க்கிலும் ரயரிலும் தெறிக்காமல் பழைய கடதாசியால் மறையுங்கள். வாகனம் கழுவியபின் மண்ணெண்ணெய் அல்லது ஒயில் விசிறும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பிறேக் பக்கம் விசிறவேண்டாம் என்று முன்னரே சொல்லுங்கள். ஒயில் ஊறிய சூவையும் பாட்டையும் வெயிலில் காயவைத்தோ நெருப்பில் வாட்டியோ திரும்பப் பூட்டாதீர்கள், புதியது போடுங்கள்.

திரவத்தை மாற்றும் முறை

முதன்முறை அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். ஏபிஎஸ் பொருத்தப்பட்ட வாகனமாயின் கராஜுக்கே விடுவது நல்லது.

1. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, திரவக் கிண்ணம் மட்டமாக நிற்கும்படி கைப்பிடியைத் திருப்புங்கள். தாங்கியை ஈரத்துணியால் மூடுங்கள். இத்திரவம் வர்ணத்தை உரித்துவிடும். அருகில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள்.
2. மூடியைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்தபின் திறவுங்கள். பழைய திரவத்தைச் சுத்தமான ஊசிக்குழலால் எடுத்து, புதியதை ஊற்றுங்கள்.
3. கலிப்பரிலுள்ள நிப்பிளில் ஒரு தெளிவான குழாயைப் பொருத்தி, மறுமுனையைச் சிறிது பிறேக் திரவமுள்ள போத்தலுக்குள் அமிழ்த்தி விடுங்கள்.
4. ஒருவர் பிடியை மெதுவாகச் சிலமுறை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்கவேண்டும். திரவம் வந்ததும் நிப்பிளை மூடிய பின்பே பிடியை விடவேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் காற்று உள்ளே போகும்.
5. கிண்ணம் ஒருபோதும் வற்றலாகாது. தெளிந்த திரவம் குமிழியின்றி வரும்வரை தொடருங்கள். வெளியே வந்த திரவத்தைத் திரும்ப ஊற்றவேண்டாம்.
6. நிப்பிளை இறுக்கி, மட்டத்தைச் சரிசெய்து, மூடியைப் பூட்டுங்கள். சிந்திய இடங்களைத் தண்ணீரால் கழுவுங்கள். டிஸ்க்கில் பட்டிருந்தால் நன்றாகக் கழுவித் துடைத்து உலரவிடுங்கள்.
7. பிடி கல்போல் இறுகும்வரை அழுத்திப் பாருங்கள். பின் வண்டியைத் தள்ளி நிறுத்திப் பாருங்கள். அதன்பின் வளவுக்குள் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். வீதி கடைசியில்தான்.

புதிய பாட் போட்ட பின்பும் இந்தக் கடைசிப் படி கட்டாயம். பாட் மாற்றியதும் முதல் அழுத்தம் வெறுமையாகப் போகும். அதை வீதியில் கண்டறிவோருக்கு இரண்டாம் அழுத்தத்துக்கு நேரம் கிடைக்காமல் போகலாம்.

உடலுக்கும் வீட்டாருக்கும்

பிறேக் திரவம் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அது குடித்தால் நஞ்சு. பிறேக் புழுதியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள்; பழைய சூ வகைகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டிவிடுங்கள்.

பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். ஒரு துளி நுரையீரலுக்குள் போனாலும் கடும் நோய் உண்டாகலாம். பெற்றோலோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்ட பிள்ளையை வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போகும். உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது பல வீடுகளில் பெற்றோல் போத்தல்களிலும் கலன்களிலும் சேர்த்துவைக்கப்பட்டது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு ஊர்ந்து சென்று அடுப்பையோ மெழுகுதிரியையோ எட்டும். வீட்டுக்குள் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: மென்பானப் போத்தலில், சாராயப் போத்தலில், தண்ணீர்ப் போத்தலில் வாகனத் திரவம் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். நமது தவறு அந்த அலுமாரிப் போத்தலில்தான் பிறந்தது. வந்த போத்தலிலேயே, பெயர்ச் சீட்டோடு, பூட்டிய பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பெயரில்லாத போத்தலில் என்ன இருக்கிறது என்று ஊகிக்காதீர்கள்.

கழிவு ஒயில் எங்கே போகிறது?

சிறிய மோட்டார் சைக்கிளிலிருந்து ஒவ்வொருமுறையும் ஏறத்தாழ ஒரு லீற்றர் கழிவு ஒயில் வருகிறது. அதை வேலியோரம் ஊற்றுகிறோம். கறையானுக்கென்று வேலிக் கட்டையில் பூசுகிறோம். பாவித்த ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் சேர்ந்துள்ளன. அது தோலில் அடிக்கடி படுவது தீங்கு. கையைப் பெற்றோலால் கழுவுவது அதனிலும் தீங்கு, சவர்க்காரம் போதும்.

குடாநாட்டின் நிலத்தடிச் சுண்ணாம்புக் கல் வெடிப்புகள் நிறைந்தது. மேலே ஊற்றியது கிணற்றுக்குச் செல்ல அதிக காலம் எடுப்பதில்லை. சுன்னாகத்தில் மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. பெரிய இடத்தின் கழிவைப் பற்றி நியாயமாகக் குரல் கொடுத்த நாம், நமது வளவின் ஒரு லீற்றரையும் எண்ணிப்பார்க்கவேண்டும். கழிவு ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, அதைப் பெற்றுக்கொள்ளும் கராஜிடம் அல்லது சேர்விஸ் நிலையத்திடம் கொடுங்கள். பழைய பிறேக் திரவத்தை அதனோடு கலக்காமல் வேறாக வைத்து அங்கேயே ஒப்படையுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு பொதுக் கலனை வைத்து இதனை ஒழுங்குபடுத்தலாம்.

நிறைவாக

வாகனம் ஓட்டுவதில் உள்ள பொறுப்பைத் திருச்சபை ஐந்தாம் கட்டளையின் கீழேயே வைத்துப் போதிக்கிறது. குடித்துவிட்டும் அதிவேகமாகவும் ஓட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதூரமான குற்றம் என 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. தேய்ந்த பிறேக்கோடு, தெரிந்துகொண்டே ஒருவரைப் பின்னால் ஏற்றிச் செல்வதையும் இதனோடு சேர்த்துச் சிந்திக்கவேண்டும் என்பது நமது கருத்து. “தெரியாமல் நடந்தது” என்று நாம் நமக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் தெரிந்துகொள்ள நமக்கு மூன்று நாள் இருந்தது; பிடி இறுகுகிறது என்று உபதேசியார் சொல்லவும் செய்தார்.

அவர் இப்போதும் அதே மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறார். புறப்படுமுன் குனிந்து கண்ணாடியைப் பார்க்கிறார், பிடியை அழுத்திப் பார்க்கிறார். இப்போது அங்கே வாகனம் மந்திரிக்கக் கொண்டுவருவோரிடம், செபத்துக்கு முன் இந்த இரண்டையும் செய்து காட்டும்படி நாம் கேட்கிறோம். அவரே அருகில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் பெயர்ச் சீட்டு இல்லாத போத்தல்கள் எத்தனை உள்ளன? இன்றே எண்ணிப் பாருங்கள்.
2. உங்கள் மோட்டார் சைக்கிளின் பிறேக் திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? அத்திகதியை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?
3. கழிவு ஒயிலைச் சேர்த்து ஒப்படைக்க உங்கள் கிராமத்தில் என்ன ஒழுங்கு செய்யலாம்? யார் பொறுப்பேற்பார்?
4. உங்கள் குழு உறுப்பினரின் வாகனத்தில் பிறேக் பழுதடைந்திருப்பதைக் கண்டால் அவருக்கு எவ்வாறு எடுத்துச் சொல்வீர்கள்? பாட் மாற்றப் பணமில்லை என்று அவர் சொன்னால் குழு என்ன செய்யலாம்?